பூஜை அறையில் ஒரு போலந்துக் கழுகு

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில், என் மகள் வீட்டில் எனக்கு விடிந்த முதல் வெள்ளிக்கிழமை அது. பல் தேய்த்துவிட்டுக் காபிக்கு வந்தவள், போகிற போக்கில் பூஜை அறையை எட்டிப் பார்த்தேன். இரண்டு குத்துவிளக்குகளுக்கு நடுவில் என் போலந்துக் கழுகு பளபளவென்று நின்றது. மார்பில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், காலடியில் கடையில் வாங்கின சாமந்திப் பூ.

“மதினி, எந்திரிச்சாச்சா?” என்று சம்பந்தியம்மா பின்னாலிருந்து வந்தார். மகளின் மாமியார், திருநெல்வேலிக்காரர். “மேசை மேல கருடன் கன்னங்கரேல்னு கெடந்தாரு. பெருமாள் வாகனம்லா, அப்படிப் போட்டு வைக்கலாமா? வெளக்கு தேய்க்கையில அவரையும் புளி போட்டு ஒரு தேய் தேச்சுட்டேன். பாருங்க, எப்படி மின்னுதாருன்னு!”

மின்னத்தான் செய்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அது கருடனே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்துச் சிப்பாய்கள் தொப்பியின் முன்னால் வைத்துக்கொண்ட சின்னம். தலையில் கிரீடம் வைத்த கழுகு, பிறை மாதிரி ஒரு கேடயத்தின் மேல் சிறகை விரித்து நிற்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் ஃபவுண்டரியில், உருக்கி வார்த்த காஸ்டிங்கின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். என் வயதுக்காரிகள் கோவில் கோவிலாகப் போகிறார்கள். நான் ராணுவத் தொப்பிச் சின்னங்கள் சேர்க்கிறேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை.

இந்தக் கழுகு எனக்குக் கிடைத்தது கோலாப்பூரில். வேலை விஷயமாகப் போயிருந்தபோது, ஒரு ஃபவுண்டரி வாசலில் உருக்குவதற்காகக் கொட்டிவைத்திருந்த பழைய சாமான் குவியலில் கிடந்தது. உலைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். போர்க்காலத்தில் கோலாப்பூருக்குப் பக்கத்தில் போலந்து அகதிகளுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், ஒரு முகாம் இருந்தது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்களைப் போலச் சேர்க்கிறவர்களுக்கு இரண்டு விதி உண்டு. என்ன ஆனாலும் பழைய சின்னத்தைத் தேய்க்கக் கூடாது. மேலே படிந்திருக்கும் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி. அடுத்தது, இணையத்தில் படம் போட்டால் முன்பக்கத்தை மட்டும் போடவேண்டும், முதுகைக் காட்டக் கூடாது. போலி செய்கிறவர்கள் முதுகைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தவிர, ‘அது எங்கள் வீட்டுச் சாமான்’ என்று யாராவது வந்து நின்றால், முதுகில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஆழம் பார்க்கலாம். இதில் முதல் விதியைத்தான் சம்பந்தியம்மா புளியில் கரைத்துவிட்டார்.

நான் போட்ட படத்தைப் பார்த்து எழுதியவர் நியூஜெர்சியில் இருக்கும் டனூட்டா. அவருடைய அம்மா ஹெலேனா தொண்ணூறு தாண்டியவர், சிறுமியாக அந்தக் கோலாப்பூர் முகாமில் வளர்ந்தவர். ஹெலேனாவின் அப்பா போரில் செத்துப்போனார். அவருடைய தொப்பிக் கழுகு மட்டும் பிள்ளைகளோடு இந்தியாவுக்கு வந்தது. அண்ணன் யாசேக், வயது வந்ததும் பட்டாளத்தில் சேர முகாமை விட்டுக் கிளம்பினவன், திரும்பவே இல்லை. கழுகு இந்தியாவில் தொலைந்துபோனது. டனூட்டாவுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். இப்போது ஹெலேனா படுத்த படுக்கை. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். நினைவு தெளியும்போதெல்லாம் அந்தக் கழுகைக் கேட்கிறாராம்.

“ஒருமுறை ஒரு வியாபாரியிடம் வாங்கிக் கொடுத்தேன்” என்று டனூட்டா போனில் சொல்லியிருந்தார். “அம்மா கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், என்னிடமே கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் சாப்பிட வைக்கப் பெரும்பாடு பட்டேன். இன்னொரு பொய்க் கழுகை அவரால் தாங்க முடியாது. நிஜம் என்று தெரிந்தால் மட்டும் வாருங்கள்.”

நிஜமா என்று சொல்லக்கூடிய ஆள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருந்தார். மாரெக் என்று பெயர். வாழ்நாள் பூராவும் போலந்துக் கழுகுகளையே உருட்டிக்கொண்டிருப்பவர். மகளைப் பார்த்த கையோடு மாரெக், மாரெக் சரி என்று சொன்னால் நியூஜெர்சி. இதுதான் திட்டம். பேத்திக்குக் காட்ட முந்தின நாள் டப்பாவிலிருந்து எடுத்தவள், அசதியில் மேசையிலேயே விட்டுவிட்டேன்.

சந்தனத்தைத் துடைத்துவிட்டுக் கழுகை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள். சுத்தமான மஞ்சள். போருக்கு முன்னால் செய்த கழுகு பெரும்பாலும் வெள்ளை உலோகம். வெள்ளி முலாம் பூசின பித்தளையும் உண்டு, புளியில் முலாம் போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். தேறுகிற மனசா அது!

“அம்மா, ப்ளீஸ், சீன் க்ரியேட் பண்ணாத” என்று மகள் சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை ஆசையாத்தான் பண்ணுனாங்க. நீ ஃப்ளைட் ஏறிப் போயிருவ, நான்தான் இங்க இருக்கோணும்.”

“ஆசையாக் கொலை பண்ணுனாலும் கொலைதான்டி.”

சொந்தத் தங்கச்சியாக இருந்திருந்தால் அந்தப் புளிக் கரைசலை அவள் தலையிலேயே ஊற்றியிருப்பேன். சம்பந்தியை என்ன செய்ய முடியும்? பெண்ணைக் கொடுத்த இடம். காலைச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும் வைத்தார். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணக்க, அப்படி ஒரு சொதி எங்கள் பக்கத்தில் கிடைக்காது. அது அவ்வளவு நன்றாக இருந்ததில் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நாங்கள் கிசுகிசுத்ததை ஒட்டுக்கேட்ட பேத்தி, “திருநெல்வேலிப் பாட்டி அதைக் கெடுத்துட்டாங்களா?” என்று இங்கிலீஷில் பளிச்சென்று கேட்டுவிட்டாள். சம்பந்தியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“அது சாமி இல்லையா மதினி?”

சொன்னேன். டனூட்டா, அவர் அம்மா, எல்லாவற்றையும். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, ஒரு வார்த்த கேட்டிருக்கணும். சாகக் கெடக்க கெழவி சாமானைப் போயி தேச்சுட்டேனே.”

“பரவாயில்லீங்க” என்றேன். வாய்தான் சொன்னது. மூஞ்சி சொல்லவில்லை, அது அவருக்கும் தெரிந்தது.

நான் கிளம்ப வேண்டிய சனிக்கிழமை ஆலங்கட்டி மழை பெய்து விமானங்கள் எல்லாம் நின்றுபோயின. ஃபிரிஸ்கோவில் கார் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக முடியாது; மழை பெய்தால் கார் இருந்தும் போக முடியாது. எலுமிச்சை அளவுக் கட்டிகள் கூரையில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டனூட்டாவிடமிருந்து செய்தி வந்தது: ‘அம்மா இன்று கொஞ்சம் சூப் குடித்தார். இந்தியாக்காரம்மா எப்போது வருவார் என்று கேட்டார்.’ நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று பேசிவைத்திருந்தோம். சொல்லிவிட்டிருக்கிறார்.

மறுநாள் விமான நிலையச் சோதனையில் என் பையைத் தனியாக எடுத்து வைத்தார்கள். வழிக்கென்று சம்பந்தியம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, அதற்கு நடுவில் பஞ்சு வைத்து ஒரு பழைய குங்குமச் சிமிழில் கழுகு. சிமிழின் மூடியைத் திறந்ததும் அந்தச் சோதனைக்காரப் பெண்ணின் கையுறையில் சிவப்பு ஒட்டியது. சிறகெல்லாம் குங்குமம் ஏறியிருந்தது.

“இது என்ன?”

“தொப்பிச் சின்னம்.”

“தொப்பிச் சின்னத்தில் எதற்குச் சிவப்புப் பொடி?”

என்னத்தைச் சொல்வது? “என் சம்பந்தி சாமி என்று நினைத்துவிட்டார்” என்றேன். அவர் என்னையும் கழுகையும் மாறிமாறிப் பார்த்தார். என்னவோ காகிதத்தால் தடவி மெஷினில் போட்டார். பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவரும் தடவினார். என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டது. கடைசியில் பருப்புப்பொடியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுகைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, இந்த வயதில், இந்த முட்டியோடு, ஓடினேன்.

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் வெயில் இதமாக இருந்தது. மெட்ரோ ரயிலில் ஃப்ரீமான்ட்டுக்குப் போனால், நடுவழியில் தண்டவாளக் கோளாறு என்று நிறுத்திவிட்டார்கள். எதிரில் இருந்த இரண்டு தெலுங்குப் பையன்கள் லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பாசஞ்சர் நின்றால் கொய்யாப்பழமாவது வரும். இங்கே கேட்க ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

மாரெக் வீடு மௌரி அவென்யூவுக்குப் பக்கத்தில். தெருமுனை இந்தியக் கடையில் முருங்கைக்காய் வாங்கிச் சாம்பார் வைப்பாராம், நாற்பது வருஷப் பழக்கத்தில் இந்த ஊர் தன்னையும் பாதி இந்தியன் ஆக்கிவிட்டது என்று சிரித்தார். கசகசாவை அரைத்து உள்ளே வைத்துச் சுருட்டின கேக்கும் டீயும் கொடுத்தார். நான் கேக்கைத் தொடவில்லை. சிமிழை மேசையில் வைத்தேன்.

கழுகைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. “யார் தேய்த்தது?”

“தேய்ந்துவிட்டது” என்றேன். அந்நிய ஆளிடம் சம்பந்தியைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

அவர் அலமாரியிலிருந்து சந்தேகமே இல்லாத ஒரு பழைய கழுகை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். வெர்னியர் அளவுகோலை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டையும் அளந்தேன். சிறகுக்குச் சிறகு, கிரீடத்துக்குக் கிரீடம், என்னுடையது கொஞ்சமே கொஞ்சம் சின்னது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரிச் சின்னது.

இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சி ஊற்றின உலோகம் ஆறும்போது சுருங்கும். அதனால்தான் ஃபவுண்டரியில் பேட்டர்னை, அதாவது அச்செடுக்கும் மாதிரியை, கொஞ்சம் பெரிதாகச் செய்வோம். அசல் சாமானையே மண்ணில் அமுக்கி அச்செடுத்து ஊற்றினால், வருகிற பிள்ளை தாயைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். அசல் கழுகு தகட்டில் அடித்தது. என்னுடையது மண்ணில் ஊற்றின பித்தளை. இத்தனை வருஷம் கறுப்பு மூடிக்கிடந்ததால் எனக்குத் தெரியவில்லை. தேய்க்கக் கூடாது என்ற விதியைக் கட்டிக்கொண்டு அழுதேன், பாருங்கள்.

மாரெக் கழுகைத் திருப்பினார். அசலின் முதுகில் தொப்பித் துணியில் முடுக்கும் ஒரு திருகு இருந்தது. என்னுடையதன் முதுகில் இரண்டு குட்டி வளையங்கள், பக்கத்தில் பக்கத்தில், பற்றவைத்திருந்தன. போர்க்காலத்தில் எவனோ ரிப்பேர் செய்திருக்கிறான் என்று நான் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்த வளையங்கள்.

“இதைத் தொப்பியில் வைத்தால் நாலடி நடப்பதற்குள் தலைகுப்புறச் சாயும்” என்றார். “வசந்தா, வருத்தப்படாதீர்கள். இது நகல். எந்தச் சிப்பாயும் இதை அணிந்ததில்லை.”

கேக்கைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தார். வெளியே வந்து, கார்கள் சீறிப்போகிற அந்த ரோட்டோரத்தில் நின்று டனூட்டாவுக்கு போன் போட்டேன். மழுப்பாமல் சொன்னேன். நான் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என் மேல்தான். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு படத்தைப் போட்டவள் நான்.

“அம்மா தலை சீவிவிடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறார்” என்றார் டனூட்டா. “விருந்தாளி வருகிறாராம். என்னால் இதைச் சொல்ல முடியாது. நீங்கள் வாருங்கள். வந்து நீங்களே சொல்லுங்கள்.”

போகாமல் இருந்திருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஃபிரிஸ்கோவுக்குத் திரும்பியிருக்கலாம். அப்படி யோசிக்கவும் செய்தேன். ஆனால் தலை சீவி உட்கார்ந்திருக்கிற கிழவியை எப்படிக் காக்க வைப்பது? நியூஜெர்சி விமானத்தில் வழி முழுக்க ஒரே வாக்கியத்தை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘இது உங்கள் அப்பாவுடையது அல்ல.’ எப்படிச் சொன்னாலும் அறைகிற மாதிரிதான் இருந்தது.

நியூவர்க்கில் இறங்கிப் பிடித்த வாடகைக் கார், பக்கத்து ஊரில் அதே பெயருள்ள தெருவில் கொண்டுபோய் விட்டுவிட்டது. நியூஜெர்சியில் ஊருக்கு ஊர் அதே தெருப்பெயர்தான் போலிருக்கிறது, எங்கள் காந்தி ரோடு மாதிரி. கதவைத் தட்டினால் யாரோ ஒரு ஆள் நாயோடு வந்தான். டிரைவர் எகிப்துக்காரர். சாகக் கிடக்கிற பெரியவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்து ஓட்டினார். போனில் டனூட்டாவின் செய்தி: ‘சீக்கிரம்.’ அதற்கு மேல் ஒன்றுமில்லை.

சின்ன வீடு. வாசலிலேயே பீட்ரூட் சூப் மணம், நம் ரசத்தைக் கொஞ்சம் இனிப்பாக வைத்த மாதிரி. டனூட்டா என்னைவிடப் பெரியவர், தூக்கம் கெட்ட கண். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஜன்னலோரக் கட்டிலில் ஹெலேனா தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தார். வற்றிப்போன உடம்பு. பஞ்சு மாதிரி முடியை இழுத்து ஒரு குட்டிச் சடை பின்னியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆனால் கண் என்னை விடவில்லை.

கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். “அம்மா, உங்களைத் தேடி வந்தேன். ஆனால் நான் கொண்டுவந்தது உங்கள் அப்பாவின் கழுகு இல்லை. யாரோ அதைப் பார்த்துச் செய்த நகல். என்னை மன்னிக்கணும்.” டனூட்டா அதைப் போலிஷில் சொன்னார்.

ஹெலேனா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. மகளைப் பார்த்து ஏதோ கேட்டார். டனூட்டா புரியாமல் முழித்தார். மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை கொஞ்சம் அதட்டலாக.

“அதன் முதுகில் இரண்டு காது இருக்கிறதா என்று கேட்கிறார்” என்றார் டனூட்டா. “என்ன காது? எனக்கு ஒன்றும் புரியவில்லை.”

அந்த முதுகை மாரெக்கைத் தவிர நான் யாருக்கும் காட்டியதில்லை. டனூட்டாவுக்கு அனுப்பின படத்திலும் அது இல்லை. சிமிழைத் திறந்தேன். கழுகைக் குப்புறப் போட்டு, இரண்டு வளையமும் மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் கட்டைவிரலால் ஒரு வளையத்தைத் தடவினார். பிறகு மற்றதை. திருப்பினார். மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை சொன்னார், அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “பித்தள்” என்றார். கோலாப்பூர் மராத்தி.

அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார், டனூட்டா அழுதுகொண்டே எனக்குச் சொன்னார். அண்ணன் பட்டாளத்துக்குக் கிளம்பும்போது அப்பாவின் கழுகை எடுத்துக்கொண்டான். இவர் தர மாட்டேன் என்று அதைப் பிடித்துக்கொண்டு கத்தினார். இரண்டு பேருக்கும் அப்பாதானே? அண்ணன் இவரையும் கூட்டிக்கொண்டு கோலாப்பூர்க் கடைத்தெருவில் ஒரு பித்தளைக்காரரிடம் போனான். அவர் கழுகை மண்ணில் அமுக்கி இன்னொன்று ஊற்றிக் கொடுத்தார். இவருக்குத் தொப்பி ஏது? சடையில் ரிப்பனோடு கட்டிக்கொள்ள முதுகில் இரண்டு காது வைக்கச் சொன்னான் அண்ணன். வெள்ளைக் கழுகு அவனோடு போனது. மஞ்சள் கழுகு இவரோடு இருந்தது, ஒருநாள் ஆற்றில் குளித்துக் கரையேறிப் பார்த்தபோது ரிப்பனோடு காணாமல் போகும்வரை.

“ஏம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை?” என்று டனூட்டா கேட்டிருக்கிறார். கிழவி சொன்ன பதில்: “நீ எப்போதும் அப்பாவின் கழுகைத்தான் கேட்டாய். நான் என் கழுகைத் தேடினேன்.”

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாரெக் கொடுத்த கேக் பொட்டலத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. டனூட்டா அதை அவிழ்த்து இரண்டு வளையத்திலும் கோத்தார். ஹெலேனா தலையை முன்னால் சாய்த்துக் கொடுத்தார். சடையில் கட்டினதும் கழுகு சாயவே இல்லை, நேராக நின்றது.

நியாயமாக மாரெக்குக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாசலுக்கு வந்து நான் கூப்பிட்டது ஃபிரிஸ்கோவை. சம்பந்தியம்மா முதல் மணியிலேயே எடுத்தார். “என்ன மதினி, எதும் தப்பாப் போச்சா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் அன்றைக்கு அப்படி மூஞ்சியைக் காட்டியிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

“ரெக்கையில குங்குமம் அப்பியிருந்துச்சே, நல்லாத் தொடச்சுக் குடுத்தீயளா?”

“நானும் தொடைக்கப் போனேனுங்க. அவங்கதான் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னுட்டாங்க.”